பச்சை அடித்த ஜன்னல்

மங்காஃப், குவைத்
12.03.2004

அன்பின் அத்தானுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதலில் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நீங்கள் அனுப்பிய படத்தைத்தான் பார்த்தேன். ஐந்நூறு வருடத்துக்கு முந்திய துணி வியாபாரியின் வீடு. சுழன்று ஏறும் கல் படிக்கட்டு, ஜன்னலுக்கு மேலே செதுக்கிய முகங்கள். அதில் ஒன்று கொழும்பில் நம் வெள்ளவத்தை வீட்டுக்காரி போலவே உதட்டைச் சுழிக்கிறது. அதன் மேல்மாடி இனி நமக்கு என்பதை நம்ப முடியவில்லை.

கலியாணம் முடித்து அவவின் அந்த ஒற்றை அறையில் ஒரு வருடம்கூட நாம் இருக்கவில்லை. ரயில் போகும்போது அறையே அதிர, ஆளுக்கொரு தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொள்வோமே. பன்னிரண்டு வருடமாக நான் உங்களோடு பேசுவது அந்த அறையில் இருந்துதான்.

உங்கள் அகதி வழக்கு முடிந்ததே பெரிது. வேலையை விட்டுவிட்டு வரச் சொல்கிறீர்கள். வருகிறேன்.

உங்கள்
சுகந்தா

பூர்ஜ், பிரான்ஸ்
29.03.2004

அன்பின் சுகந்தா,

இங்கே ஒரு கூத்து நடந்தது. மனுசி வரும்போது வீட்டுக்குப் பெயின்ட் அடிக்காமல் விடலாமா? வெள்ளவத்தையில் நாம் அடித்த அதே பச்சையைத் தேடி வாங்கி ஜன்னல் கதவுகளுக்கு அடித்தேன். தெருவே நின்று பார்த்தது. பிறகு நகரசபையிலிருந்து ஒரு பெண் வந்தா. பாதுகாக்கப்பட்ட வீடாம், பழைய சாம்பல் நிறத்தை மாற்றக் கூடாதாம்.

"மனுசி வாறா மதாம், அதுதான்" என்றேன்.

"வரட்டும் முசியே. சாம்பல் ஜன்னலாலயும் அவவுக்கு வெளியில தெரியும்" என்றா.

இப்போது சுரண்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் எனக்கு அந்தச் சட்டம் பிடித்திருக்கிறது. அன்றிருந்தது அன்றிருந்தபடியே இருக்கும். நீரும் அப்படியே வாரும். இங்கே உமக்கு வேலை வேண்டாம். வெள்ளவத்தையில் வாகனங்கள் பாயும் காலி வீதியைக் கடக்க என் கையைப் பிடித்து நடுங்குவீரே, கடைக்குக்கூட நானே கூட்டிப்போவேன்.

அன்புடன்
தாரகன்

மங்காஃப்
16.04.2004

அன்பின் அத்தானுக்கு,

என்னோடு இருக்கும் நாகர்கோவில் நர்ஸ் ஜெயமணிக்கு உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

"ஜன்னலுக்குப் பெயின்ட் அடிச்சதுக்கா ஆபீசர் வந்தாங்க? இங்க பில்டிங்கே இடிஞ்சி விழுந்தாலும் நம்ம வாட்ச்மேன் எந்திரிக்க மாட்டான்க்கா" என்று சிரித்தாள். 'நீரும் அப்படியே வாரும்' என்ற கடைசிப் பந்தியை மட்டும் நான் வாசிக்கவில்லை.

ஃபஹாஹீல் ரோட்டில் நான் கார் ஓட்டிக்கொண்டுதான் ஆபீஸ் போகிறேன். லைசென்ஸ் எடுத்தபோது நீங்கள் வாழ்த்தி எழுதினீர்கள், மறந்திருப்பீர்கள். எனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்கிறார்கள். எனக்கு இப்போது கோபமும் வருகிறது.

நீங்கள் பச்சை அடித்தது அந்த அறையில் இருந்தவளுக்காக. எனக்கும் அவளைப் பிடிக்கும். சில வெள்ளிக்கிழமைகளில் நானும் தேடுவேன். ஆனால் அவளைக் கூட்டிவர என்னால் முடியாது. நீங்களும் அன்று அங்கே இருந்தவர் இல்லை. எனக்குத் தெரிந்தவர் சுரண்டச் சொன்னதும் சண்டைக்குப் போயிருப்பார். இந்தப் பொறுமைசாலியை எனக்குப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

ஜூனில் ஒரு மாத லீவில் வருகிறேன், திரும்பும் டிக்கெட்டோடு. வேலையை விடவில்லை. ஜெயமணி நான் ஒரேயடியாகப் போகிறேன் என்று நினைத்து அறையில் என் இடத்துக்கு வாடகைக்கு ஆள் தேடுகிறாள். அவளுக்கும் இன்னும் சொல்லவில்லை. முதலில் உங்களுக்கு.

சுகந்தா