‘நரம்பு’ என்று நான் சொன்ன பிழையைத் திருத்தக் கோருவது

அனுப்புபவர்:
மு. செல்லசாமி,
பத்தாம் லயம், மேல்கணக்கு,
கல்லுமலைத் தோட்டம், வட்டகொடை.

பெறுபவர்:
மாவட்ட வைத்திய அதிகாரி அவர்கள்,
அரசாங்க வைத்தியசாலை.

பொருள்: எட்டாம் கட்டிலில் இருக்கும் என் மகள் சண்முகவடிவை நாளைக் காலை பைத்திய ஆஸ்பத்திரிக்கு ஏற்றாதிருக்க வேண்டுவது.

மதிப்புக்குரிய ஐயா,

1. மார்ச் நாலாம் திகதி, திங்கட்கிழமை, தேயிலைக் கொழுந்து நிறுக்கப் போகும்போது, கூடைக் கயிறு தலையில் இருக்க, “தலை வெடிக்குதே” என்று கத்தி மகள் விழுந்தாள். கூடைப் பாரம் என்று கங்காணி நினைத்தார். இங்கே சின்ன டொக்டர் ஐயா முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார். அது தேத்தண்ணிச் சாயமாய்ச் சிவந்து வந்தது. மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்.

2. ஐந்து நாள் பேசினாள், கஞ்சி குடித்தாள். சனிக்கிழமை பேச்சு நின்றது, வலக்கை விழுந்தது. டொக்டர் ஐயா எனக்கு விளங்கும்படி சொன்னார்: கசிந்த ரத்தம் பட்டு மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிட்டன, லயத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் நூலாய் ஒழுகுவதுபோல ரத்தம் குறைவாய்ப் போகிறது, பதினாலு நாள் தாண்டினால் விரியலாம், அதுவரை சேலைன் ஏற வேண்டும், தலையைத் தூக்கவே கூடாது.

3. ஞாயிறு அவர் லீவில் போனார். திங்கள் காலை ஆஸ்பத்திரிக் கிளாக்கர் ஐயா என்ன நோய் என்று கேட்க, “நரம்பு சுருங்கிப் போச்சுங்க” என்றேன். எங்கள் லயத்துப் பேச்சில் ரத்தம் ஓடும் குழாயும் நரம்புதான். அவர் நரம்புக் கோளாறு என்று இங்கிலீஷில் துண்டு எழுதினார்; அதற்கு மனக்கோளாறு என்றுதான் அர்த்தமாம். வாய் பேசாமல் மகள் அழுவதையும் பார்த்தார். லீவில் போனவருக்குப் பதிலாக வந்த டொக்டர் ஐயா அந்தத் துண்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

4. இன்று ஒன்பதாம் நாள். நாளை எட்டு மணிக்கு வேனில் உட்காரவைத்து ரயில் ஸ்டேசனுக்குக் கொண்டுபோவார்களாம். அந்த ரோட்டின் வளைவெல்லாம் எனக்குத் தெரியும் ஐயா. பயத்தில் கட்டில் காலைப் பிடித்தபடி இருக்கிறேன். இன்று காலை, நான் யாரம்மா என்று கேட்டேன். இடக்கையால் என் மீசையைத் தொட்டாள்.

ஆகையால் அந்தச் சொல்லை வெட்டி, ரத்தக் குழாய் என்று எழுதச் செய்து, பதினேழாம் திகதி வரை அவளைப் படுத்தபடியே வைத்திருக்கும்படி கும்பிட்டுக் கேட்கிறேன். பதினெட்டாம் திகதி அவளுக்குப் பைத்தியம் என்று தாங்களே பார்த்துச் சொன்னால், நானே கையைப் பிடித்து அந்த ரயிலில் ஏற்றிப் போகிறேன்.

வட்டகொடை
12.3.1963

செல்லசாமியின் இடது பெருவிரல் அடையாளம்

சொல்லக் கேட்டு எழுதி, இரண்டு முறை வாசித்துக் காட்டியவர்: மஃறூப், பலசரக்குக் கடை, வட்டகொடை. ‘நரம்பு’ வரும் இடங்களில் மட்டும் மூன்று முறை கேட்டு எழுதினேன்.