செம்மண் சட்டையோடு படுத்த துவரை

11-2-80, திங்கள்

ஐசக் டாக்டர் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். ‘மூச்சை இழுத்துப் பிடி’ என்று சொல்ல வேண்டாத நோயாளி இன்றைக்குத்தான் வந்தது. ஒரு தட்டு துவரை! சடையப்பன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாஞ்சாலி தன் நிலத்தில் விளைந்ததென்று கொடுத்த இரண்டு மூட்டையிலிருந்து அள்ளியது. உள்ளே வண்டு துளைத்திருக்குமோ என்று சமையல்கார வரதனுக்குச் சந்தேகம். மெட்ராஸில் தானியத்தை இப்படிப் படம் பிடித்துப் பார்க்கிறார்களாம்.

பாஞ்சாலி வாசலிலேயே நின்றாள். “செம்மண்ணு கட்டிக் காயவச்ச துவரண்ணா. வண்டு எப்டி வரும்? நல்லா புடிச்சுப் பாரு.”

12-2-80

படம் காய்ந்தது. ஒவ்வொரு துவரை மணியிலும் கறுப்புப் புள்ளி. படத்தைப் பற்றி டாக்டர்தான் வாய் திறக்கலாம், நான் கூடாது. இன்று அவர் ஊரில் இல்லை. “இன்னா சார், சொல்லு” என்றான் வரதன். சார் என்றானே! மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “எல்லாம் பொத்தல்” என்றேன்.

13-2-80

இரண்டு மூட்டையும் பாஞ்சாலி வீட்டுக்கே திரும்பிவிட்டன. என் பெண்டாட்டி சுலோச்சனா ரேஷன் கடையில் கேட்டு வந்தது: என் படத்தில் வண்டு இறக்கையோடு தெரிந்ததாம், ஒன்று முட்டை வேறு போட்டதாம். (பாதி அவளே சேர்த்தது.)

சாயங்காலம் பாஞ்சாலி வந்து நாற்பது மணியை என் எதிரில் உடைத்தாள். ஒன்றிலும் பொத்தல் இல்லை. “எங்க கீது? காட்டு.”

படம் பொய் சொல்லுமா? துவரை பொய் சொல்லுமா? நடுவில் நான் எதற்கு?

14-2-80

ஒன்றும் புரியவில்லை.

15-2-80

ஒரு பெரியவருக்கு இடுப்புப் படம். “அரைஞாணைக் கழற்றுங்க, தாயத்தைக் கழற்றுங்க” — பாதியில் நாக்கு நின்றது. அடப்பாவி! துவரையை மட்டும் செம்மண் சட்டையோடு படுக்க வைத்தேனே! கழுவிக் காயவைத்து மறுபடி எடுத்தேன். ஒரு புள்ளி இல்லை. மண் ஒட்டின இடம் வெளுப்பு, உதிர்ந்த இடம் கறுப்பு — அவ்வளவுதான் என் பொத்தல்.

கல்யாண வீட்டுக்கு ஓடினேன். சடையப்பன் சிரித்தான். “வாலாஜாபாத்துலேந்து பருப்பு வந்துட்சிபா. ஊரே வண்டுன்னு பேசிக்கினு கீது. இனிமே அத்த எலையில ஊத்துனா சம்பந்தி வூட்ல இன்னா நெனப்பாங்க?”

பாஞ்சாலியிடம் புதுப் படத்தை நீட்டினேன். வாங்கவில்லை. “இத்த எடுத்துக்கினு வூடு வூடா போய்க் காட்டுவியா?”

20-2-80

கல்யாணம். சாம்பார் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். என்ன ஜென்மமோ நான்.

3-3-80, திங்கள்

பாஞ்சாலிக்குப் பத்து நாளாக இருமல். டாக்டர் நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். நான் தகட்டை மாட்டி, கதவைத் திறந்து வைத்திருந்தேன். சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, என் அறையைத் தாண்டிப் போய், காஞ்சிபுரம் பஸ் ஏறிவிட்டாள்.