மூன்றாம் விசிறியின் முப்பத்தேழு டிகிரி

அனுப்புநர்:
மு. ரெத்தினம் (வயது 69),
எண்ணெய் விடும் தொழிலாளி,
பொன்வயல் அரிசி ஆலை,
நீடாமங்கலம் வட்டம்.

பெறுநர்:
தொழிலகப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
திருவாரூர்.

பொருள்: நெல் உலர்த்தும் மூன்றாம் விசிறியை நிறுத்திச் சோதிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவை நானே எழுதுகிறேன். தொடங்கி இது நான்காம் நாள். இதற்கு முன் அரசாங்கத்துக்கு நான் வைத்ததெல்லாம் கைநாட்டு. போன வருடம்தான் எழுத்துப் படித்தேன். அதனால் ஆலையில் என்னிடம் நோட்டும் பேனாவும் கொடுத்தார்கள். சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு போவது எனக்கு மிகவும் சந்தோஷம்.

1. சென்ற ஆண்டு இந்த விசிறியின் பேரிங் சூடேறி இறுகியது. பெல்ட் அறுந்து அடித்ததில் ஆபரேட்டர் சித்தீக் பாய் இறந்துபோனார். அவர் புறங்கையை வைத்தே சூடு பார்ப்பவர். இனி யாரும் கை வைக்கக் கூடாது என்று, தொடாமலே சூட்டை அளக்கும் சிறிய கருவியை முதலாளி எதிர்ச் சுவரில் மாட்டினார். விலை குறைவுதான். பேரிங்கின் மேல் புது எவர்சில்வர் மூடியும் போட்டார். சூடு எவ்வளவு என்று பலகையில் எண் தெரியும். மணிக்கொரு முறை அதை எழுதுவது என் வேலை.

2. ஓட்டம் கூடினாலும் குறைந்தாலும் முப்பத்தேழுதான் வந்தது. அது ஆள் உடம்புச் சூடு. "பாய் இன்னும் கைய வச்சிக்கிட்டுதான் நிக்கிறாரு" என்று பேசிக்கொண்டார்கள். மதியம் ஒரு மணிக்கு எண் முப்பத்து நான்காகும். "தொழப் போயிட்டாரு" என்பார்கள். இரண்டு மணிக்கு மறுபடி முப்பத்தேழு. நானும் நம்பினேன். 

3. ஆயுத பூசையன்று மூடி முழுக்கச் சந்தனம் பூசி விசிறியை ஓட்டினோம். எண்பத்தெட்டு வந்தது. பாய்க்குக் கோபம் என்று எல்லோரும் விலகி நிற்க, மேனேஜர் துடைக்கச் சொன்னார். துடைத்ததும் முப்பத்தேழு. எனக்கு அங்கேதான் சந்தேகம். பாய் வருடாவருடம் பூசைப் பொரியைக் கேட்டு வாங்கித் தின்றவர்.

4. கருவியைச் செய்து கொடுத்த பாலிடெக்னிக் ஆசிரியை இசைவாணியிடம் போனில் கேட்டேன். "பளபளன்னு இருக்கிற மூடி தன் சூட்டைக் காட்டாதுங்க ஐயா. எதிர்ல இருக்கிறதோட சூட்டைத்தான் காட்டும். மங்கலா கறுப்பு பெயிண்ட் அடிச்சுப் பாருங்க" என்றார். மேனேஜரிடம் சொன்னேன். குறுவை நெல் குவிந்து கிடக்கிறது, நிறுத்த முடியாது என்றார். "படிக்கத் தெரிஞ்சதும் பெரியவருக்குப் பேய் புடிச்சிருச்சி" என்று சிரித்தார்.

5. நேற்று ஓட்டுவதற்கு முன், பெயிண்டுக்குப் பதிலாக, நானே மூடியில் பளபளப்பு மறையச் சந்தனம் அப்பினேன். பத்து மணிக்குத் தொண்ணூற்றாறு. அதுதான் உண்மையான சூடு. நோட்டில் எழுதியிருக்கிறேன். மேனேஜர் அதையும் துடைக்கச் சொல்லிவிட்டார்.

6. கருவி மாட்டிய சுவரின் கீழே, மூடிக்கு நேர் எதிரே, என் மருமகள் பொன்னுத்தாயும் நான்கு பெண்களும் உமி கூட்டுகிறார்கள். ஒரு மணிக்குச் சாப்பிட எழுந்து போகிறார்கள். இரண்டு மணிக்குத் திரும்பி வருகிறார்கள்.

ஐயா, சித்தீக் பாயைத் தூக்கியவர்களில் நான் ஒருவன். அவர் கை சில்லென்று இருந்தது. பலகையில் தெரியும் முப்பத்தேழு அவருடையது அல்ல. கீழே உயிரோடு இருக்கும் ஐந்து பேருடையது. அந்த எண் பலகையில் இருக்கும்போதே தாங்கள் வந்து விசிறியை நிறுத்தும்படி வேண்டுகிறேன்.

இணைப்பு: நோட்டின் நகல்.

இடம்: நீடாமங்கலம்
நாள்: 14.10.2025

இப்படிக்கு, தன் கையால் எழுதிய
மு. ரெத்தினம்