இரண்டு டிஸ்க் பெட்டி

அன்புள்ள என்னங்க,

வணக்கம். நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தைக்குச் சர்க்கரை குறைந்ததா?

உங்கள் போன் தண்ணீரில் விழுந்தபின், நீங்கள் மெட்டமைத்த பாட்டுகள் என்னிடம் மட்டும்தானே இருந்தன? அவற்றைப் பத்திரப்படுத்த, இங்கே நான் தங்கியிருக்கும் வீட்டு வைஃபையில் இணைகிற சேமிப்புப் பெட்டி வாங்கப் போனேன்.

கடைக்காரர், "ஒரு டிஸ்க் போதும்மா, எதுக்கு ரெண்டு?" என்றார்.

"ஒண்ணு படுத்துட்டா இன்னொண்ணு தாங்கணும்ண்ணே" என்று இரண்டு டிஸ்க் போட்ட பெட்டியையே வாங்கினேன். அறைத்தோழி, "நாலு பாட்டுக்கு இவ்ளோ பெரிய பங்களாவா?" என்று சிரித்தாள்.

பதறாதீர்கள்; போன வாரம் ஒரு டிஸ்க் செத்தேபோனது. புது டிஸ்க் வாங்கி நானே மாட்டினேன். மற்றதிலிருந்து எல்லாம் அதில் நகலாகிவிட்டது. ஒரு பாட்டுகூடப் போகவில்லை! உங்கள் பாட்டை வீடே அதிரப் போட்டேன். சிரித்தவளே, "அதை இன்னொரு தடவ போடுடி" என்றாள். உங்கள் பெண்டாட்டி ஜெயித்துவிட்டாள்!

இருந்தாலும், பெட்டியே திருடுபோனால்? எல்லாவற்றையும் அனுப்புகிறேன், உங்கள் தங்கச்சி கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி இருக்கட்டும். புதுப் பாட்டு அனுப்பும்போது முன்னும் பின்னும் வெட்டாதீர்கள். குக்கர் விசில், அத்தையின் அதட்டல், பாடி முடித்ததும் "எப்படிடி இருக்கு?" என்று நீங்கள் கேட்பது, எல்லாம் அப்படியே வரட்டும்.

பஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மனைவி