பனிக்கரடியின் பால்

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எத்தாளையில் எல்லாரும் சுகம்தானே? உங்கள் இடுப்பு வலி குறைந்ததா? நோர்வேயில் நான் நல்ல சுகம். போனில் கதைத்தால் பக்கத்தில் உங்கள் தங்கச்சி றிஸ்வானா இருப்பாள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன கிழமை பனிக்கரடி ஆராய்ச்சிக்காக என்னையும் ஹெலிகொப்டரில் பனிக்குக் கூட்டிப் போனார்கள். பயப்பட வேண்டாம், கரடிக்கு மயக்க ஊசி போட்டிருந்தார்கள். நான்தான் அதன் பாலைக் கறந்தேன். ஒரு காலத்தில் எங்கோ தோட்டங்களுக்கு அடித்த மருந்தும் தொழிற்சாலை இரசாயனங்களும் காற்றோடும் கடலோடும் இங்கே வந்திருக்கின்றன. தடை செய்து இத்தனை வருடமாகியும் அவை அழியவில்லை. கரடியின் கொழுப்பில் தங்கி, பாலோடு குட்டிக்கும் போகின்றன.

குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. "பாவம், தெரியாமலே பிள்ளைக்கு நஞ்சு கொடுக்கிறது" என்றார் எங்கள் பேராசிரியர். எனக்கு அந்தக் கரடியில் பொறாமைதான் வந்தது, மச்சான். நஞ்சோ என்னவோ, பிள்ளை அதன் மடியில்தானே கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை நம் மகள் ஹனா வீடியோவில் என்னைப் பார்த்துவிட்டு, திரும்பி றிஸ்வானாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "இங்க பாரு புள்ள, றிஸ்வானாவ உம்மாண்டு கூப்புடுறாள்" என்று நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அலுமாரியில் என் பழைய சட்டை ஒன்று இருக்கும். பிள்ளை படுக்கும்போது பக்கத்தில் போடுங்கள். றிஸ்வானாவை "மாமி" என்று கூப்பிடப் பழக்குங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், நல்ல பிள்ளை அவள். தபால் கந்தோர் பூட்டப் போகிறார்கள்.

ஹனாவின் உம்மா,
நுஸ்லா