முன்ரோட்டில் நடந்தவளுக்கு

இன்று காலை குளுவாங் ரயில் கேட்டில் ஒரு லாரி என் பக்கத்தில் வந்து நின்றது. ரப்பர் மரத்து ஒட்டுப்பால் ஏற்றிய லாரி. நாள்பட்டுப் புளித்த அந்த நாற்றம் தாங்காமல் சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு மட்டும் கை எழவில்லை. நாம் இருவரும் நாளெல்லாம் உடம்பில் சுமந்த நாற்றம்தானே அது. கேட் திறந்து லாரி போன பிறகும் நீ என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் ரப்பர் தோட்டத்தை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது அந்த இரண்டு வழிகள்தான். நாம் குடியிருந்த லயங்கள் இந்தப் பக்கம். பால் வெட்டும் காடும் ஆஸ்பத்திரியும் பங்களா மேட்டுக்கு அந்தப் பக்கம். மேட்டின் மேலாகக் கல் பாவிய முன்ரோடு போகும். அது வெள்ளைக்காரர்களுக்கு. துரையும் அவர் விருந்தாளிகளும் அவர்கள் காரும் போகலாம், அவர் நாய்கள் போகலாம், நாம் போகக் கூடாது. நமக்கு மேட்டைச் சுற்றிச் சதுப்புக்குள் இறங்கும் பின்பாதை, வெறும் மண் பாதை. ஆற்றுக்குக் குறுக்கே மரக்கட்டைப் பாலம். மழை மாதத்தில் அந்தப் பாலம் தண்ணீருக்குள் போய்விடும். யாரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை. மழை வந்தால் நனைவதுபோல அதுவும் ஒன்று என்றுதான் இருந்தோம்.

நம் லயத்து அஞ்சலைக்குப் பிரசவ வலி கண்ட அன்று மழை விடவே இல்லை. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். புடவையில் தூளி கட்டி ஆண்கள் தூக்கினார்கள். நீயும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஓடினோம். முன்ரோட்டின் தடுப்புக் கட்டை அருகே போனதும் சிங் காவலாளி எழுந்து நின்றார். அஞ்சலையின் புருஷன் அவர் காலிலேயே விழுந்தான். அவர் மேட்டின் மேலிருந்த பங்களாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "போலே இல்லை, போக முடியாது. துரை உத்தரவு" என்றார், தனக்குத் தெரிந்த மலாயிலும் தமிழிலும். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. நாம் சதுப்பு வழியே திரும்பினோம். பாலத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர். அக்கரை சேர்ந்தபோது அஞ்சலை முனகுவதை நிறுத்தியிருந்தாள். தூளியை இறக்கி வைத்தது நினைவிருக்கிறது. நீ அவள் முகத்தில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். போதும் என்று யாரோ சொல்லும்வரை துடைத்தாய்.

மழை விட்டு வேலை தொடங்கிய நாளுக்கு முந்தின சாயங்காலம், குழாயடியில் நீ சொன்னாய்.

"நாளைக்கு நான் முன்ரோட்டுல போறேன், தனம்."

"சாவறதுக்கா?"

"அஞ்சலை பின்பாதையிலதானே போனா."

உனக்கு அப்போது பதினெட்டு வயது இருக்கும். எனக்கும் அதே வயதுதான்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் நாங்கள் சதுப்புக்குள் இறங்கியபோது நீ இறங்கவில்லை. காவலாளி ஏதோ கத்தினார். நீ குனிந்து கட்டைக்கு அடியில் புகுந்து போய்விட்டாய். கீழிருந்து நாங்கள் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். மேட்டில் உன் தலையும் தோளில் வாளியும் தெரிந்தன. எதிரே துரையின் கறுப்புக் கார் வந்து நின்றது.

"ஏய், இறங்கு," என்றார் துரை. அவர் தமிழ் நன்றாகவே பேசுவார்.

"எங்க இறங்கறதுங்க?"

"கால்வாயில இறங்கு. இது யாரு ரோடு, தெரியாது?"

"தெரியும் துரை. எங்கப்பா கல்லு போட்ட ரோடு. வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு சொன்னீங்க, கேட்டுக்கிட்டோம். இப்ப ஒருத்தி செத்துட்டா. இனிமே என்னால கேக்க முடியாது."

அவர் உன்னை அடிப்பார் என்று நினைத்தோம். அடித்திருந்தால்கூட மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் அடிக்கவில்லை. காரைத் திருப்பி, நீ நடக்கும் வேகத்துக்கே உன் பின்னால் ஓட்டிக்கொண்டு வந்தார். காட்டு முனை வரைக்கும் அந்த என்ஜின் சத்தம் உன் முதுகை உரசிக்கொண்டே வந்தது. நீ ஓடவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை.

அடுத்த நாள் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆபீஸ் கிராணி பெயர் வாசித்தபோது உன் அப்பா பெயர் வரவில்லை. உன் பெயரும் வரவில்லை. சாயங்காலம் கங்காணி உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"புள்ள வந்து ஒரு மன்னிப்புக் கேட்டா போதும். துரை மறந்துடுவாரு."

உன் அப்பா வெற்றிலையை மென்று துப்பினார். பிறகு, "அவ கேட்டாக் கேக்கட்டும். நான் கேக்கச் சொல்ல மாட்டேன்" என்றார்.

வேலை இல்லாவிட்டாலும் நீ ஒவ்வொரு காலையும் நடந்தாய். காட்டு முனை வரை போய்த் திரும்பி வருவாய். லயத்தில் உன்னோடு பேச்சுக் குறைந்தது. நீ குழாயடிக்கு வந்தால் பெண்கள் குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். யாரும் உன்னை வெறுக்கவில்லை; உன் பக்கத்தில் நிற்பது யார் கண்ணில் படுமோ என்ற பயம். ஒரு காலை பங்களா நாய்களைக் கட்டவிழ்த்து விட்டிருந்தார்கள். கெண்டைக்காலில் ரத்தம் வழிய நீ திரும்பி வந்தாய். மறுநாள் துணி சுற்றிக்கொண்டு மறுபடியும் போனாய். அன்று நாய்கள் கட்டிக் கிடந்தன. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வேறு ஏதோ முடிவாகிவிட்டது என்று தோன்றியது.

அது ரப்பர் விலை விழுந்த காலம். ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். அடுத்த கூட்டத்தில் உங்கள் குடும்பம் இருந்தது. எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. நீ இங்கே பிறந்தவள். ஊர் என்று அவர்கள் சொன்ன இடத்தை நீ பார்த்ததே கிடையாது.

ஸ்டேஷனுக்கு நான் மட்டும் வந்தேன். உன் கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. "உனக்குப் பயமே கிடையாதா புள்ள?" என்று கேட்டேன்.

"அந்தக் கட்டைகிட்ட வரும்போதெல்லாம் திரும்பிடலாம்னுதான் தோணும்."

"அப்புறம் எப்படிப் போன?"

"காலை மட்டும் பாத்துக்கிட்டுப் போயிடுவேன்."

ரயில் நகர்ந்தது. சில வருஷம் கழித்து, அங்கிருந்து வந்த ஒருவர் நீ காய்ச்சலில் போய்விட்டதாகச் சொன்னார். எந்த ஊர், எந்த மாதம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

உனக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த மழை மாதத்தில் பிரசவ வலி கண்ட வெள்ளையம்மாவைத் தூளியில் தூக்கிக்கொண்டு போனபோது, சிங் காவலாளி பங்களாவைப் பார்க்கவில்லை. அவரே கட்டையைத் தூக்கிவிட்டார். வெள்ளையம்மா பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. அதற்குள் அந்த ரோட்டில் தினமும் நடக்கிற பெண்கள் நிறைய ஆகிவிட்டார்கள். எத்தனை குடும்பத்தைத்தான் கப்பலேற்றுவார்கள்? மரத்தில் பால் வெட்ட ஆள் வேண்டுமே. உத்தரவை மாற்றியதாகத் துரை வாய்திறந்து ஒரு நாளும் சொல்லவில்லை.

லயத்தில் பிறகு உன்னைப் பற்றிப் பேசியவர்கள் பயமறியாதவள் என்றார்கள். நான் திருத்தவில்லை. உன் கை எப்படி இருந்தது என்பதை எனக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். அதோடு, நீ ரயிலேறியதற்கு மறுநாள் காலையையும் வைத்திருக்கிறேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. கட்டைக்கு அடியில் குனிந்து மறுபக்கம் நிமிர்ந்தேன். காவலாளி கத்தவில்லை. கல் உள்ளங்காலைக் குத்தியது. குனிந்து என் காலை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் இன்னொரு ஜோடிக் காலின் சத்தம் கேட்டது. யார் என்று திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. மேலே பங்களாவில் கார் என்ஜின் உறுமிக் கிளம்பியது. நாங்கள் நடந்துகொண்டிருந்தோம்.