உன் பெயருக்கு நேரே ‘வாரிசு இல்லை’

என் அருமை சரோஜா அக்காவுக்கு,

கோபத்தில் எழுதுகிறேன். வரிசை குழம்பிவிடும் என்று பயந்து முதலில் எண் போட்டுக்கொள்கிறேன்.

1. பங்காளிகள் உனக்குச் செய்தது.
2. கூட்டத்தில் நான் சொன்னது.
3. உன்னைப் பார்க்க வரவிடாமல் அப்பா என்னைத் தடுத்தது.

குலதெய்வக் கோயில் குடமுழுக்குக்கு வம்சாவளிப் புத்தகம் போடுகிறார்கள். உயிரியல் வாத்தியாராக இருந்தவன் என்று பிழை திருத்த என்னிடம் கொடுத்தார்கள். மற்றப் பெண்கள் பெற்ற பிள்ளைகள் எல்லாம் ஏறியிருக்கிறார்கள். உன் பெயருக்கு நேரே மட்டும் ‘வாரிசு இல்லை’. உன் மகன் டேனியல் சேத்துப்பட்டில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறான்! நீ கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்டால் பெற்ற பிள்ளை பிறக்காதவனாகிவிடுவானா? நீ கண்ணை மூடி ஒரு வருடம்கூட ஆகவில்லையே, அக்கா.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கேட்டேன். சித்தப்பா மகன் கோபால், “கலப்பு வேணாம்ணே. நம்முது சுத்தமான ரத்தம்” என்றான்.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ. “நியாண்டர்தால்னு வேற ஒரு மனுச இனம் இருந்துச்சு. எப்பவோ அழிஞ்சிட்டாங்க. அவங்க எலும்புல கெடச்ச மரபணுவப் படிச்சுப் பாத்தா, அதே துண்டுங்க நம்ம உடம்புலயும் கீது. நம்ம முன்னோரும் அவங்களும் சேந்து புள்ள பெத்துருக்காங்க. உன் ரத்தத்துலயும் கீதுடா கோபாலு.”

“அப்போ அவங்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிடலாமா வாத்தியாரே?” என்றான் கோபால்.

கூடமே சிரித்தது. “ஜல்தி முடிங்க, சோறு ஆறிப்போவுது” என்றார் ஒருவர்.

நியாண்டர்தால்கள் சந்ததி இல்லாமல் அழிந்தவர்கள் என்று நானே எத்தனை வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன்! நான் சரியாகச் சொன்னேனா, இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாமா, தெரியவில்லை. ஆனால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. “டேனியல் பேரு ஏறலன்னா எம் பேரையும் அடிச்சிருங்க” என்று தாளை மேசைமேல் போட்டுவிட்டு வந்தேன். இதுவரை பதில் இல்லை.

மூன்றாவதை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. டேனியல் பிறந்த சேதி வந்த அன்று அப்பா சொன்னது இவ்வளவுதான்: “போறதுன்னா போய்ட்டு வா. எங்கிட்ட வந்து சொல்லாத.” நான் பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். சேத்துப்பட்டு பஸ்ஸில் பங்காளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். திரும்பிவிட்டேன். அப்பா தடுக்கவில்லை, அக்கா. மூன்றாவது பொய்.

நாளைக் காலை பஸ்ஸில் யார் உட்கார்ந்திருந்தாலும் ஏறுவேன். டேனியலிடம் இதை நானே சொல்வேன்.

உன் கூடப்பிறந்த தம்பி,
ராமு